வெள்ளை வானில் வராத கடத்தல்

'கடத்தல்' என்ற சொல்லைக் கேட்டதும் எமது பெண்களின் மனதில் வருவது ஒரே காட்சிதான். இரவு நேரம், இலக்கத் தகடில்லாத வெள்ளை வான், வாசலில் சப்பாத்துச் சத்தம். படுவான்கரையில் ஒரு மாதர் சங்கக் கூட்டத்தில் "ஆட்கடத்தல் என்றால் உங்களுக்கு என்ன விளங்குகிறது?" என்று நான் கேட்டபோது, ஒரு தாய் எழுந்து 2006 இல் கொண்டு செல்லப்பட்ட தன் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அவர் சொல்லி முடிக்கும்வரை யாரும் குறுக்கே பேசவில்லை. பின்னர் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் சொன்னார்: "அது இப்ப இல்லத்தானே மிஸ். சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம்."

சண்டை 2009 இல் முடிந்தது உண்மை. ஆனால் அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களில் பலர் மத்திய கிழக்குக்குப் போய் வந்தவர்கள். பேசிய சம்பளம் கிடைக்காதவர், சம்பளமே கிடைக்காதவர், இரண்டு வருடமாக வீட்டுக் கேற்றுக்கு வெளியே கால் வைக்க விடப்படாதவர் எல்லோரும் அவர்களுக்குள் இருந்தார்கள். ஒருவர்கூடத் தன்னைக் கடத்தப்பட்டவராக நினைக்கவில்லை. "நானாத்தானே போன நான்" என்பதே அவர்களின் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை. தானாகப் பை கட்டி, பிள்ளைகளைத் தாயிடம் விட்டு, தன் காலால் நடந்து கொழும்பு பஸ்ஸில் ஏறியவளை யார் கடத்தியது என்று கேட்பார்கள்.

சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. 2006 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்ட எமது தண்டனைச் சட்டக்கோவையின்படி, ஆளை விற்பதும் வாங்குவதும் மட்டுமல்ல, ஆள் சேர்ப்பதும், ஏற்றிச் செல்வதும், தங்க வைப்பதும், கையேற்பதும்கூட இந்தக் குற்றத்தில் அடங்கும். அது பலாத்காரமாக நடந்திருக்க வேண்டும் என்றில்லை. பொய் சொல்லி நடந்தாலும், ஆசை காட்டி நடந்தாலும், இன்னொருவரின் இயலாத நிலையைப் பயன்படுத்தி நடந்தாலும் குற்றமே. நோக்கம் கட்டாய வேலை, அடிமைத்தனம், பாலியல் சுரண்டல் போன்றதாக இருந்தால் 2 முதல் 20 வருடம் வரை சிறை. பாதிக்கப்பட்டவர் பிள்ளை என்றால் ஆகக் குறைந்தது 3 வருடம். பிள்ளை சம்மதித்தது என்ற வாதமும் எடுபடாது.

'இயலாத நிலை' என்ற சொற்களைச் சற்று நிறுத்தி வாசியுங்கள். கணவர் இல்லை அல்லது காணாமல் போய்விட்டார். வீட்டுத் திட்டத்தில் கிடைத்த வீடு சுவர் மட்டத்தில் நிற்கிறது. மூன்று கம்பனிகளில் கிழமைக் கடன். இவை எமது வெட்கங்கள் அல்ல. ஒருவர் இவற்றைப் பார்த்துக் கணக்குப் போட்டு உங்களிடம் வந்தாரென்றால், சட்டத்தின் கண்ணில் அது அவருடைய குற்றத்தின் ஒரு பகுதி. ஆகவே கடத்தல் என்பதைவிட மனித வியாபாரம் என்ற சொல்லே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. வியாபாரி சிரித்துக்கொண்டுதான் வருவார்.

புதன்கிழமை பின்னேரம்

பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்த காலத்தில், மக்கள் ஊர் விட்டு ஊர் போவதற்குத் 'தள்ளும் காரணி', 'இழுக்கும் காரணி' என்று இரண்டு நிரல் போட்டுப் பரீட்சையில் எழுதினோம். இரண்டுக்கும் நடுவில் முச்சக்கர வண்டியில் வந்து இறங்கும் ஓர் ஆளுக்கு அந்த அட்டவணையில் இடம் இருக்கவில்லை.

எனக்குத் தெரிந்த கிராமமொன்றில் அந்த ஆள் ஒரு பெண். போரில் கணவரை இழந்தவர். இரண்டு முறை குவைத் போய் உழைத்துக் கல்வீடு கட்டியவர். கோயில் திருவிழாவுக்கு முதல் ஆளாகக் காசு கொடுப்பவர். ஊரில் எல்லோருக்கும் அவர் அக்கா. கடன் கம்பனிக்காரர் அந்த ஊருக்கு வருவது வியாழக்கிழமை காலையில். அக்கா புதன்கிழமை பின்னேரம், மறுநாள் கட்டுவதற்குக் காசில்லாமல் இருக்கும் வீடாகப் பார்த்துப் போவார். "நீ ஒரு சதமும் தரத் தேவல்ல புள்ள. அவங்கதான் உனக்குக் காசு தருவாங்க. மறுகா என்ன யோசின?" என்பார்.

இந்த இடத்தில்தான் எமது பெண்கள் ஏமாறுகிறார்கள். காசு கேட்பவன் கள்ளன் என்று தெரிந்து வைத்திருக்கிறார்கள். ஆண்களிடம் கனடா, ஐரோப்பா என்று சொல்லிக் காணி ஈடு வைக்கச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே காசு தருபவர் நல்லவர் என்று எண்ணுகிறார்கள். வீட்டுப் பணிப்பெண் வேலையில் காசு மறுபக்கமாக ஓடுகிறது. ஒரு பெண்ணைத் தருவிப்பதற்கு அங்குள்ள வீட்டுக்காரர் முகவருக்குப் பெருந்தொகை கொடுக்கிறார். அதில் ஒரு துண்டு கொழும்பு முகவர், உப முகவர், ஊரிலுள்ள ஆள் என்று கைமாறி, மிச்சம் அந்தப் பெண்ணின் கைக்கு வருகிறது. அன்றைக்கே கடன் அடைபடுகிறது, கூரைத் தகரம் வாங்கப்படுகிறது. மருத்துவப் பரிசோதனை முடிந்த பிறகு அவள் மனம் மாறினால், "அப்ப காசைத் திருப்பித் தா, எங்கட செலவையும் சேர்த்துத் தா" என்பார்கள். எங்கிருந்து கொடுப்பது? அங்கே போன பின்பு, "உன்னைக் காசு கொடுத்து எடுத்தேன், ஒப்பந்தம் முடியும்வரை நீ போக முடியாது" என்று வீட்டுக்காரி சொல்வதாகத் திரும்பி வந்தவர்கள் பலர் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். முற்பணமாக வந்த அந்தக் காசுதான் பிறகு விலங்கு.

இந்த அக்காவைப் பற்றிச் சங்கத்தில் பேச்சு வந்தபோது பெண்கள் இரண்டு பட்டார்கள். பொலிஸில் சொல்ல வேண்டும் என்றார்கள் சிலர். "அவ இல்லாட்டி என்ர வீடு இல்ல" என்றார் ஒருவர். அக்கா அழுதுகொண்டே கேட்டார்: "நான் அனுப்பின புள்ளையள் எத்தின பேர் வீடு கட்டி இருக்குதுகள் எண்டு பாருங்க மிஸ். அங்க என்ன விசா, ஆர்ட வீடு எண்டெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்?" அவர் சொன்னது பொய்யல்ல. அவர் அனுப்பியவர்களில் நன்றாக இருப்பவர்களும் உண்டு. ஆனால் அந்தக் கேள்விகளைக் கேட்காமல் இருப்பதற்கும் சேர்த்துத்தான் தலைக்கு இவ்வளவு என்று அவருக்குக் கொமிசன் கொடுக்கப்படுகிறது என்பது என் அபிப்பிராயம்.

விசிட் விசா

வெளிநாட்டு வேலைக்குப் போகும் எவரும் புறப்படுவதற்கு முன் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்ய வேண்டும். 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்ட பணியகம் அது. பதிவு செய்தால் காப்புறுதி உண்டு, எழுத்தில் ஒப்பந்தம் உண்டு, எந்த முகவர் எந்த வீட்டுக்கு அனுப்பினார் என்ற பதிவு உண்டு. இவற்றையெல்லாம் தாண்டிப் போவதற்கான குறுக்கு வழியே விசிட் விசா, அதாவது சுற்றுலாப் பயணியாகப் போவது.

அது நடக்கும் விதம் ஏறக்குறைய ஒன்றுதான். டிக்கெட் கடைசி இரவில் கையில் கிடைக்கும். "எயார்போட்டில கேட்டால் சொந்தக்காரரைப் பார்க்கப் போறன் எண்டு சொல்லு" என்று பாடமாக்குவார்கள். டுபாயிலோ அபுதாபியிலோ இறக்கி, அங்கிருந்து தரைவழியாக வேறு நாட்டுக்கு மாற்றுவார்கள். விசிட் விசா சில வாரங்களில் முடிந்துவிடும். அதன் பிறகு நாளுக்கு நாள் தண்டப்பணம் ஏறும். அடிக்கிறார்கள் என்று ஓடி வெளியே வந்தால், சட்டவிரோதமாகத் தங்கியிருப்பவள் என்று பிடிபடுவது அவள்தான். முறையான வேலை விசாவிலும் வளைகுடா நாடுகளில் 'கபாலா' என்ற முறை இருக்கிறது. விசா வீட்டுக்காரரின் பொறுப்பில் இருப்பதால் அவருடைய சம்மதமின்றி வேலையை விட்டு விலகுவது கடினம். விசிட் விசாவில் போனவளுக்கு அந்தப் பதிவுகூட இல்லை. அவள் அந்த நாட்டில் வேலை செய்கிறாள் என்பதற்கே சாட்சி இல்லை.

2022 நவம்பரில் ஓமானில் அகப்பட்ட இலங்கைப் பெண்களின் கதை பத்திரிகைகளில் வந்தது நினைவிருக்கலாம். விசிட் விசாவில் கொண்டு செல்லப்பட்டு, வீட்டுக்காரர்களுக்குக் காட்டி விலை பேசப்பட்டதாக அவர்கள் சொன்னார்கள். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் விசாரித்து, அங்குள்ள எமது தூதரகத்தில் வேலை செய்த அதிகாரி ஒருவரையே கட்டுநாயக்காவில் கைது செய்தது. பாதுகாப்புத் தேடிப் போகும் இடத்திலேயே இப்படி ஒரு சந்தேகம் எழுந்தது அந்தப் பெண்களுக்கு எப்படி இருந்திருக்கும்!

இதில் அரசாங்கத்தின் பங்கும் உண்டு என்பதைச் சொல்லாமல் விட முடியாது. 2013 இல், ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையுள்ள தாய் வீட்டுப் பணிப்பெண்ணாகப் போக முடியாது என்று, குடும்பப் பின்னணி அறிக்கை கட்டாயமாக்கப்பட்டது. தகப்பன்மாரிடம் அப்படி ஓர் அறிக்கை கேட்கப்படவில்லை. பிள்ளைகளுக்காகவே அந்த விதி என்றார்கள். ஆனால் அடுப்பில் உலை வைக்க வேண்டிய தாய் விதியைப் பார்த்துத் திரும்பி வரவில்லை. விசிட் விசாக்காரரிடம் போனாள். 2022 இல் அந்த விதி தளர்த்தப்பட்டது. ஆனால் "உனக்குச் சின்னப் பிள்ளை இருக்கு, நேர் வழியில போக ஏலாது" என்று பழைய விதியைச் சொல்லிப் பயமுறுத்தும் முகவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தற்போதைய விதி என்ன என்பதை முகவரிடம் கேட்காமல், உங்கள் பிரதேச செயலகத்திலுள்ள வெளிநாட்டு வேலைவாய்ப்பு அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் கேளுங்கள். அதற்குக் காசு இல்லை.

வயதை மாற்றும் பேனா

மூதூர் றிசானா நபீக்கை யாரும் மறந்திருக்க மாட்டோம். 1988 பெப்ரவரியில் பிறந்த பிள்ளை. கடவுச்சீட்டில் 1982 என்று எழுதப்பட்டது. சுனாமி அடித்து ஆறு மாதம்கூட ஆகாத 2005 மே மாதத்தில், பதினேழு வயதில், சவூதிக்குப் போனார். போன சில வாரங்களிலேயே அவரது பராமரிப்பில் இருந்த கைக்குழந்தை இறந்தது. முறையான மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே அவரிடம் வாக்குமூலம் எடுக்கப்பட்டதாக மனித உரிமை அமைப்புகள் சுட்டிக்காட்டின. 2013 ஜனவரி 9 இல் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. அவர் ஒரு சிறுமி என்று வாதிட்டபோது, குறுக்கே நின்றது அந்தப் பொய்யான கடவுச்சீட்டே. ஆறு வயதைக் கூட்டி எழுதியவருக்கு அது ஒரு நிமிட வேலையாக இருந்திருக்கும்.

உங்கள் பெயரிலோ, வயதிலோ, முகவரியிலோ, பிள்ளைகளின் எண்ணிக்கையிலோ ஓர் எழுத்தை மாற்றச் சொல்பவர், நாளைக்கு உங்களைத் தேடி யாரும் கண்டுபிடிக்க முடியாத ஆளாக மாற்றுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

கடல் கடந்தால்தான் மனித வியாபாரம் என்றில்லை. 2021 ஜூலையில் டயகமவைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி, கொழும்பில் தான் வேலை செய்த வீட்டிலிருந்து தீக்காயங்களுடன் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லப்பட்டு இறந்தாள். கைதானவர்களில் அவளை அந்த வீட்டில் சேர்த்துவிட்ட தரகரும் ஒருவர். வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயது 14 இலிருந்து 16 ஆக உயர்த்தப்பட்டதும் அதே 2021 இல்தான். "ரீவி பார்க்கலாம், நல்ல சாப்பாடு, படிக்கவும் வைப்பாங்க" என்று கேட்டு வருபவர்கள் எமது பக்கங்களுக்கும் வருகிறார்கள். ஆண்பிள்ளைகளும் தப்பவில்லை. தாய்லாந்தில் கொம்பியூட்டர் வேலை என்று அழைக்கப்பட்ட இளைஞர்கள், எல்லை தாண்டி மியன்மாரின் மியாவடியில் அடைக்கப்பட்டு, இணையத்தில் மற்றவர்களை ஏமாற்றும் வேலைக்கு அடித்து வற்புறுத்தப்பட்ட செய்திகள் 2023, 2024 ஆம் ஆண்டுகளில் வந்தன. அவர்கள் படித்த பிள்ளைகள். ஆகவே படிக்காதவர்தான் ஏமாறுவார் என்ற பேச்சை விட்டுவிடுவோம்.

சங்கத்தின் கொப்பி

அந்தப் படுவான்கரைச் சங்கத்தில் இப்போது ஒரு சீ.ஆர். கொப்பி இருக்கிறது. வெளிநாட்டுக்கோ கொழும்புக்கோ வேலைக்குப் போகும் பெண், போவதற்கு முன் வந்து அதில் ஒரு பக்கம் எழுதுவார். யார் அனுப்புகிறார், முகவரின் உரிம இலக்கம், எந்த நாடு, எந்த விசா, அங்குள்ள வீட்டின் தொலைபேசி இலக்கம். இவ்வளவுதான். போக வேண்டாம் என்று யாரும் சொல்வதில்லை. நானும் அப்படிச் சொல்வதில்லை. போய் உழைத்து பிள்ளைகளைப் பட்டதாரிகளாக்கிய தாய்மாரை எனக்குத் தெரியும். ஆனால் அந்தப் பக்கத்தை நிரப்ப முகவரிடம் கேள்வி கேட்க வேண்டி வருகிறது. அதிலேயே பாதிப் பேர் தெரிந்துவிடுவார்கள். நேர்மையானவர் பதில் சொல்வார். மற்றவர் கோபப்படுவார், அல்லது அவசரப்படுத்துவார்: "நாளைக்கே விசா முடியுது, உனக்கு விருப்பமில்லாட்டி அடுத்த ஆள் ரெடி." இன்னொரு பேச்சும் உண்டு: "ஒருத்தருக்கும் சொல்லாத, கண்ணூறு பட்டுப் போகும்." அம்மாவுக்கும் சகோதரிக்கும்கூடச் சொல்லக்கூடாத ஒரு நல்ல வேலை உலகத்தில் இருக்கிறதா?

உரிம இலக்கத்தைக் கொப்பியில் எழுதினால் மட்டும் போதாது. 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அந்த உரிமம் இன்னும் செல்லுபடியாகிறதா, குறித்த வேலைக்குப் பணியகத்தின் அனுமதி இருக்கிறதா என்று கேட்கலாம். உரிமமுள்ள முகவரின் பெயரைச் சொல்லிக்கொண்டு உரிமமில்லாதவர் ஆள் சேர்ப்பது சாதாரணம். ஒப்பந்தம் அரபியிலோ ஆங்கிலத்திலோ மட்டும் இருந்தால், தமிழில் வாசித்துக் காட்டும்வரை கையொப்பம் போடக்கூடாது. கடவுச்சீட்டை "ஒபிஸில இருக்கட்டும்" என்று வாங்கி வைத்துக்கொள்ள எந்த முகவருக்கும் உரிமை கிடையாது.

இடம்பெயர்ந்து ஓடியபோது பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும் குடும்ப அட்டையையும் சொப்பிங் பாக்கில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டு ஓடியவர்கள் நாங்கள். கடதாசியின் பெறுமதியை எமக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. கடவுச்சீட்டு, விசா, டிக்கெட், ஒப்பந்தம் ஒவ்வொன்றிலும் போட்டோகொப்பி எடுத்து வீட்டில் ஒன்று, சங்கத்தில் ஒன்று வையுங்கள். பிறகு தூதரகத்துக்கோ பணியகத்துக்கோ முறைப்பாடு எழுதும்போது கேட்கப்படும் முதல் விடயங்கள் இவைதான்.

போனவளின் குரலையும் கவனிக்க வேண்டும். எத்தனை கேள்வி கேட்டாலும் "ஓம்", "இல்ல" என்று மட்டும் பதில் வந்தால், எப்போதும் யாரோ பக்கத்தில் நிற்பது போலிருந்தால், இரவு பன்னிரண்டு மணிக்கு மட்டும் ஒரு நிமிடம் பேசினால், காசு வருவது நின்றால், ஏதோ சரியில்லை. இங்கே சில குடும்பங்கள் போவதற்கு முன்பே ஒரு சொல்லைப் பேசி வைக்கிறார்கள். ஒரு பெண்ணின் சொல் "கறுத்தப் பசு கண்டு போட்டுட்டா?" என்பது. அவர்களிடம் பசுவே இல்லை. அந்தக் கேள்வி ஒருநாள் இரவு ஓமானிலிருந்து வந்தது.

அக்கா அனுப்பிய பெண் அவர். ஹோட்டலில் துப்புரவு வேலை என்று போனவர், மூன்று வீடுகளுக்கு மாறி மாறிக் கொடுக்கப்பட்டிருந்தார். கேள்வியைக் கேட்ட அவருடைய தாய் விடியும்வரை காத்திருக்காமல் சங்கத் தலைவியின் வீட்டுக் கதவைத் தட்டினார். கொப்பியில் விசா இலக்கமும் முகவரின் பெயரும் இருந்தன. மறுநாள் பிரதேச செயலகம், பொலிஸ், பணியகம் என்று மூன்று இடத்திலும் முறைப்பாடு போனது. ஆனாலும் அவர் ஊர் வந்து சேர ஏழு மாதம் எடுத்தது.

வந்த பிறகு இன்னொரு கட்டம் தொடங்கியது. "அங்க என்ன நடந்துதோ ஆருக்குத் தெரியும்" என்று கிணற்றடியில் பேச்சு. முகவர் கொடுத்த முற்பணத்தைத் திருப்பிக் கேட்டு இரண்டு ஆண்கள் மோட்டார் சைக்கிளில் வந்து போனார்கள். கிணற்றடிப் பேச்சுக்குப் பயந்து பெண்கள் வாயை மூடிக்கொள்வதால்தான் அடுத்த ஊரில் அதே முகவர் அதே பொய்யைச் சொல்ல முடிகிறது. மோட்டார் சைக்கிள்காரரைப் பற்றிப் பொலிஸில் தனியாக முறைப்பாடு செய்யப்பட்டது; சாட்சிகளையும் பாதிக்கப்பட்டவர்களையும் மிரட்டுவது 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். சட்டத்தரணிக்குக் காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உதவுகிறது. பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929, பொலிஸ் அவசர இலக்கம் 119. இவற்றை அந்தச் சங்கத்தில் கொப்பியின் மட்டையிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வரும் மாதம் அவருடைய முறைப்பாடு விசாரணைக்கு எடுக்கப்படுகிறது. பத்தரமுல்லைக்கு முதல்நாள் இரவு பஸ்ஸில் போக வேண்டும். சங்கத்திலிருந்து இரண்டு பேர் கூடப் போகிறார்கள். பஸ் காசைச் சங்கச் சேமிப்பிலிருந்து எடுப்பதென்று கூட்டத்தில் முடிவாகியிருக்கிறது. வாக்குமூலம் கொடுக்க வரும்படி அக்காவுக்கும் கடிதம் வந்திருக்கிறது. அவர் அதைத் தலைவியிடம் கொண்டுவந்து வாசிக்கக் கொடுத்தார். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "எத்தின மணிக்கு பஸ்?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாராம்.